பூசையறைக் கிண்ணம்

முதலில் எனக்குத் தீங்கு செய்தவன் ஆவுடையப்பன். மற்றவர்கள் எல்லாம் அவனுக்குப் பின்னால் நிற்கிறவர்கள். கறிக்கடைப் பக்கம் இனி வராதீர்கள் என்று சொன்ன என் மகன்கூட இரண்டாவதுதான். ஆவுடையப்பன் இப்போது எனக்கு நாலடி தள்ளி மரம் கடைகிற லேத்துக்கு முன்னால் நிற்கிறான். முகத்தடுப்பைக் கீழே இறக்கிவிட்டிருக்கிறான், அதற்குள்ளே மூக்குக் கண்ணாடி, அதற்குள்ளே அந்தச் சின்னக் கண்கள். லேத்தில் மாங்கட்டை சுற்றுகிறது. உளியை வைத்தவுடன் சீவல் நாடா மாதிரி நீளமாகக் கிளம்பி என் சட்டைமேல் வந்து விழுகிறது. முன்வரிசையில் உட்காராதீங்கண்ணா, சீவல் விழும் என்று ஜெசிந்தா டீச்சர் சொன்னாள். விழட்டும். நான் தட்டிவிடப் போவதில்லை. அவன் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் நான்தான் தெரிய வேண்டும். இன்றைக்கு அவனுக்கு வழியனுப்பு. சாயங்கால ரயிலில் பூனாவில் இருக்கும் மகன் வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறான். போய்விட்டால் நான் கேட்க வேண்டிய வாயும் பூனாவுக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது ஒரு வரிதான். தன் பூசையறைக் கிண்ணத்தை முதலில் கடைந்தது வெள்ளியங்கிரி என்று என் பேரை அவன் சொல்ல வேண்டும், இவ்வளவு பேர் முன்னால், சத்தமாக. கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. அதை மஞ்சள் பட்டுத்துணியில் சுற்றி அந்த மேஜைமேல் வைத்திருக்கிறான். போட்டோ எடுக்கக் கொண்டுவந்தானாம். பூசையில் இருப்பதை வெளியே எடுக்கக் கூடாது, இன்றைக்கு ஒரு நாள்தான் எடுத்தேன் என்று வரும்போதே எல்லாரிடமும் சொல்லியாயிற்று. பூசை. அதைத்தான் நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிகிறது, சில சமயம் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் சிரிப்பும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன போலிருக்கிறது.

லேத் சத்தம் மாறுகிறது. உள்பக்கம் குடைய ஆரம்பித்துவிட்டான். கை நல்ல கைதான், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை, இந்தக் கிளப்பில் அவனைப் போல உளி பிடிக்க ஆள் கிடையாது, நான் கடைந்தால் வாரி வாரி எடுக்கும், அவன் கடைந்தால் தோலுரித்த மாதிரி வரும். நல்ல கை இருக்கிறவனுக்கு அடுத்தவன் கட்டை எதற்கு? நான் இந்த ஷெட்டுக்குள் முதல்முதலாக வந்த அன்றைக்கே அவன் என்னைப் பார்த்துவிட்டான். மூடிப்போன நூல் மில்லின் பின்பக்கம், தகரக் கூரை, நாலு லேத், பெஞ்சு முழுக்க ஆட்கள். பேக்கரி வைத்திருக்கிற சம்பத், விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற ஜெசிந்தா, மூக்குக் கண்ணாடிக் கடை ஆவுடையப்பன், யாருக்கும் இது தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆசை. என்ன வேலை பார்த்தீங்க என்றார்கள். கறிக்கடை என்றேன். ஒரு நொடி பேச்சு நின்றது. எனக்கு அந்த ஒரு நொடி பழக்கம். அப்புறம் நான் உளியைக் கட்டையில் வைத்தேன், அது கடித்து இழுத்துக்கொண்டது, கட்டை தெறித்துத் தகரத்தில் அடித்தது. அவன் சொன்னான், "ஓய், இது ஆடு இல்லவே. எலும்பைத் தேடாதீரும்." எல்லாரும் சிரித்தார்கள். சம்பத் பெஞ்சைத் தட்டிச் சிரித்தான். நானும் சிரித்தேன், அதுதான் நான் செய்த முட்டாள்தனம், அன்றைக்குச் சிரித்ததால் அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் சிரிக்க வேண்டியதாகிவிட்டது. ஈரல் எப்படி இருக்குவே என்பான். மேலெல்லாம் நெய்வாசனை அடிக்குதே, பொங்கலா என்று நான் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சைவம். வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை சேர்க்க மாட்டான். டீ குடிக்கும் கிளாஸைத் தனியாக ஒரு பையில் கொண்டு வருவான், கேட்டால் சூடு தாங்காது, இது கனத்த கிளாஸ் என்பான். எனக்குத் தெரியாதா எந்தச் சூடு தாங்காது என்று.

அந்தக் கிண்ணம் வந்த தூங்குமூஞ்சி மரம் என் கடை வாசலில் நின்றது. ரோட்டை அகலமாக்குகிறோம் என்று வந்து அறுத்துத் தள்ளினார்கள். அடிமரத்தை லாரிக்காரன் எடுத்துக்கொண்டு போவதற்குள் நான் டெம்போ பிடித்து ஏற்றிக் கிளப்புக்குக் கொண்டுவந்து இறக்கினேன். நான் கொண்டுவந்தேன். இதை யாராவது இப்போது சொல்கிறார்களா? அன்றைக்கு ஆளுக்கொரு துண்டு அறுத்துக்கொண்டார்கள், உள்ளே காப்பி நிறத்தில் வைரம், ஓரம் வெள்ளை, ஜெசிந்தா அதைத் தடவிப் பார்த்துக் கர்த்தரே என்றாள். பச்சை மரத்தில் ஒரேயடியாகக் கிண்ணம் செய்ய முடியாது, காயும்போது கோணிக்கொள்ளும், வெடிக்கும். அதனால் முதலில் தடிமனாக, முரட்டுக் கிண்ணமாகக் கடைந்து, தாளில் சுற்றிப் பலகையில் அடுக்கிவிட வேண்டும். ஒரு வருஷம் அது தன் பாட்டுக்கு நெளியட்டும். அப்புறம் எடுத்து இரண்டாம் தடவை கடைந்தால்தான் கிண்ணம். அடியில் வட்டமாக ஒரு மேடு விட்டிருப்போம், பிடி என்போம், மெஷினின் தாடை அதைத்தான் கவ்வும். அந்தப் பிடியில்தான் பேர் எழுதுவோம். கடைசியில் கிண்ணம் முடிந்ததும் பிடியையும் கடைந்து தள்ளிவிடுவோம், பேரும் சீவலோடு போய்விடும். அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை, ஏனென்றால் அவரவர் கிண்ணத்தை அவரவர் முடிப்பார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. மூன்றாம் வகுப்போடு சரி. வெ என்று ஒரு எழுத்து மட்டும் பெரிதாகப் போட்டேன், மார்க்கர் பேனாவில், கொம்பை நீட்டி. அதுவரைக்கும் நான் கடைந்ததில் ஒழுங்காக வந்தது அது ஒன்றுதான். உளி கடிக்கவில்லை. கட்டை தெறிக்கவில்லை. கிண்ணத்தின் ஓரத்துக்குக் கீழே ஒரு ஆணி தட்டுப்பட்டது, குறடால் பிடுங்கினேன், ஓட்டையைச் சுற்றி இரும்புக் கறை நீலமும் கறுப்புமாகப் படர்ந்திருந்தது. எனக்கு அந்த ஆணியைத் தெரியும். நான் அடித்த ஆணி. உரித்த ஆட்டைத் தலைகீழாகக் கொக்கியில் மாட்டி அந்தக் கொக்கியை அந்த ஆணியில்தான் தொங்கவிடுவேன், விடிகாலையில், எத்தனை வருஷம். மரம் அதை மெல்ல மெல்ல விழுங்கிவிட்டது, அப்புறம் வேறு கம்பி கட்டிக்கொண்டேன்.

குடல் இறக்கத்துக்கு ஆபரேஷன் என்று நான் படுத்திருந்தபோதுதான் அது நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனைப் பார்க்கிறேன், கிளப் குரூப்பில் போட்டோ. பளபளவென்று ஒரு கிண்ணம், பக்கவாட்டில் நீலக் கறுப்பில் நீண்ட ஒரு கண். கீழே ஆவுடையப்பன் குரல் பதிவு, "நெற்றிக்கண் மாதிரி வந்திருக்கு பாத்துக்கிடுங்க. நான் வச்சதில்லை, அதுவா வந்தது. வீட்டுல பூசையில வச்சு விபூதி போட்டு வைக்கப் போறேன்." எல்லாரும் கும்பிடுகிற கை போட்டிருந்தார்கள். சம்பத் மூன்று கை போட்டிருந்தான். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் திட்டினாள், நான் அப்படிச் சிரித்துக் குலுங்கினேன். எழுந்து நடமாட ஆரம்பித்ததும் ஷெட்டுக்கு வந்து பலகையில் தேடினேன். என் முரட்டுக் கிண்ணம் இல்லை. ஜெசிந்தாவைக் கேட்டேன். "வெடிச்சிருக்கும்ணா. வெடிச்சதையெல்லாம் பொறுக்கி அடுப்புக்குக் குடுத்துட்டோமே, வாட்ச்மேன் சம்சாரம் கொண்டுபோச்சு" என்றாள். வெடித்ததாம். ஆவுடையப்பனைக் கேட்டேன், நேராகக் கேட்கவில்லை, அந்தக் கிண்ணம் எந்தத் துண்டுங்க என்றேன். "பலகையில இருந்தது ஓய், என்னுதுதான், பேரு போட மறந்துட்டேன் போல" என்றான். பேரு போட மறந்தானாம். அப்படியென்றால் பிடியை அவன் பார்த்திருக்கிறான். பார்த்தால்தானே பேர் இல்லை என்று தெரியும். ஆனால் தாடை கவ்விவிட்டால் எழுத்து உள்ளே மறைந்துபோகும், அதுவும் உண்மைதான். ஆனால் தாடைக்குள் வைப்பதற்கு முன்னால் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் யார் வைப்பார்கள்? வெளிச்சம் கம்மியாக இருந்திருந்தால்? வெளிச்சம் கம்மியென்றால், ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவனுக்கு, அட்டையில் எறும்பு மாதிரி எழுத்தைக் காட்டி இதைப் படியுங்கள் என்கிறவனுக்கு, என் ஒற்றை எழுத்து, ரூபாய்க் காசு அகலத்துக்கு நான் போட்ட எழுத்து தெரியாமல் போகுமா? பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் வைத்தான். கறிக்கடைக்காரன் படுத்துவிட்டான், எழுந்து வருவானோ மாட்டானோ என்று நினைத்திருப்பான். அப்படி நினைத்தானா? நினைத்திருப்பான். நான் அவன் இடத்தில் இருந்தால் நினைத்திருப்பேன்.

மெஷினை நிறுத்திவிட்டான். ஷெட்டில் திடீரென்று அமைதி, காதுக்குள் மட்டும் சுற்றுகிறது. கட்டையை விரலால் சுண்டிப் பார்க்கிறான், எல்லாரும் குனிந்து பார்க்கிறார்கள், மறுபடியும் ஓடவிடுகிறான். ராத்திரியானால் எனக்கு ஒரு யோசனை வரும், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்த மரத்தில் நான் ஒரு ஆணியா அடித்தேன்? விளக்கு மாட்ட ஒன்று, காலண்டருக்கு ஒன்று, எலுமிச்சை மிளகாய் கட்ட ஒன்று. அந்தச் சின்ன ஆணிகளும் கறை விட்டிருக்கும். ஆவுடையப்பன் அறுத்துக்கொண்ட துண்டில் காலண்டர் ஆணி இருந்திருந்தால்? என் கிண்ணம் நிஜமாகவே வெடித்து வாட்ச்மேன் வீட்டு அடுப்பில் எரிந்திருந்தால்? அப்படியானால் இவ்வளவு நாளும் நான் எதை நெஞ்சில் வைத்துக்கொண்டு சோறு தின்கிறேன்? இந்த யோசனை வந்தால் எழுந்து தண்ணீர் குடிப்பேன். மகன் கேட்பான், என்னப்பா. ஒன்றுமில்லை என்பேன். கடைக்கு வருகிறவர்களிடம் நான் சண்டை போடுகிறேனாம், நெஞ்செலும்பு கேட்ட அம்மாவிடம் நேற்று கேட்டது தொடைதானே, தினம் ஒன்று பேசுவீர்களா என்றேனாம், அதனால் வரக் கூடாதாம். எனக்கு ஞாபகம் இருக்கிறது, அது குற்றமா? எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காலண்டர் ஆணி மெலிசு, உருண்டை, கடையில் வாங்கியது. கொக்கி ஆணி அப்படி இல்லை. பழைய மாட்டுவண்டியிலிருந்து பிடுங்கியது, கொல்லன் அடித்தது, நாலு பட்டை. நாலு பட்டை ஆணி போன ஓட்டை சதுரமாகத்தான் இருக்கும். போட்டோவில் அது தெரியவில்லை. போட்டோவை விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைசியில் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. அவன் வீட்டுக்குப் போனால் பூசையறை வாசலோடு நிறுத்திவிடுவான். ஒரு தடவை போனேன். வாசலில் வைத்தே மோர் கொடுத்தான்.

கைதட்டுகிறார்கள். முடித்துவிட்டான். மாங்கட்டைக் கிண்ணத்தை ஜெசிந்தாவுக்கே கொடுத்துவிட்டான், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தடுப்பைத் தூக்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேஜைக்குப் போய்ப் பட்டுத்துணியைப் பிரிக்கிறான். சின்னப் பையனைப் போல எட்டி எட்டிப் பார்க்கிறேன், அசிங்கமாக இருக்கிறது. "கையைக் கழுவிட்டு வாங்கிப் பாருங்க, தப்பா நினைச்சிராதீங்க" என்கிறான். என் பக்கம் பார்க்காமல்தான் சொல்கிறான், ஆனால் எல்லாரும் என் பக்கம் பார்க்கிறார்கள். போய்க் கழுவினேன். சோப்புப் போட்டுக் கழுவினேன். கிண்ணம் கை மாறிக் கை மாறி வருகிறது. சம்பத் கண்ணில் ஒற்றிக்கொள்கிறான். "ஏனுங்ணா, பாத்துப் புடிங்க, சாமி சொத்து" என்று என் கையில் வைக்கிறான். கனமே இல்லை. நான் விட்டபோது உரல் மாதிரி கனத்தது, இப்போது அப்பளம் மாதிரி மெலிசாக இருக்கிறது, அவ்வளவையும் அவன் எடுத்துத் தள்ளியிருக்கிறான், ஆனாலும் அந்த வயிறு என் வயிறு, வெளிப்பக்கம் இறங்குகிற அந்த வளைவை நான்தான் விட்டேன், கட்டைவிரல் அதைக் கண்டுபிடித்துவிட்டது. கண்ணுக்கு நடுவில் ஓட்டை. விபூதி அடைத்துக்கொண்டிருக்கிறது, மேலே குங்குமம். நகத்தால் மெதுவாகத் தோண்டினேன். "என்ன ஓய், அங்கே என்ன நோண்டுதீரு" என்றான் ஆவுடையப்பன். விபூதி உதிர்ந்தது. ஒரு பட்டை. இரண்டு பட்டை. மூலை. என் நகம் மூலையில் போய் நின்றது. சதுரம். எனக்குச் சந்தோஷமா பயமா தெரியவில்லை. ஒரு வருஷமாக இந்த மனுஷன் தினமும் குளித்துவிட்டு, வேட்டி மாற்றி, என் ஆடு தொங்கின ஆணிக்குழியிலிருந்து விபூதி எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டிருக்கிறான்.

"வெள்ளியங்கிரி அண்ணா ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்று ஜெசிந்தா மைக்கை நீட்டினாள். நான் இதுவரை மைக்கில் பேசியதில்லை. ஒரு கையில் மைக், ஒரு கையில் கிண்ணம். எல்லாரும் டீ கிளாஸோடு என்னைப் பார்க்கிறார்கள். சொல்லிவிடலாம். ஆட்டைச் சொன்னால் போதும், ஆணியைச் சொன்னால் போதும், ஓட்டையைப் பாருங்கள் என்றால் போதும், ஒரு நிமிஷ வேலை. மூஞ்சி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும், அதை நான் எத்தனையோ ராத்திரி பார்த்துவிட்டேன். ஆனால் அப்புறம்? அப்புறம் கிண்ணத்தை யாரும் தொட மாட்டார்கள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவுவார்கள். வாட்ச்மேன் வீட்டு அடுப்புக்குப் போகும், இந்தத் தடவை நிஜமாகவே போகும். அவனும், சீ, இது உம்மதுதான் ஓய், எடுத்துக்கிட்டுப் போம் என்று தூக்கி என் மடியில் போடுவான், அதோடு தீர்ந்தது என்பான். அப்படிச் சொல்வது சொல்வதாகுமா? அருவருத்துப்போய்க் கொடுப்பதை நான் வாங்க மாட்டேன். அவன் இதைத் தன் கையில் வைத்துக்கொண்டு, பிரியமாக வைத்துக்கொண்டு, இது இவனுது என்று சொல்ல வேண்டும். அதனால் நான் கேட்டேன், மைக்கிலேயே கேட்டேன், "அண்ணாச்சி, இதை முதல்ல கடைஞ்சது யாருங்க?" என் குரல் தகரத்தில் போய் அடித்துத் திரும்பி வந்தது. அவன் பார்த்தான். அந்தச் சின்னக் கண்கள் கண்ணாடிக்குள் ஒரு தடவை கீழே போய் என் நகத்தைப் பார்த்தன, நகத்தில் ஒட்டியிருந்த விபூதியைப் பார்த்தன. அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் நான் கண்டுகொண்டேன், அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். பிறகு அவன் சிரித்தான், நல்ல அழகான சிரிப்பு, கண்ணாடிக் கடையில் ஆளை உட்காரவைக்கிற சிரிப்பு. "முதல்ல யாரு கடைஞ்சா என்னவே? மரம் ஒருத்தர் கொண்டாந்தது, மெஷின் ஒருத்தர் வாங்கிக் குடுத்தது, உளி ஒருத்தர் தீட்டுனது. இது கிளப்பு கடைஞ்ச கிண்ணம்" என்றான். கைதட்டல். அப்படி ஒரு கைதட்டல் இந்த ஷெட்டில் நான் கேட்டதில்லை. சம்பத் விசிலடித்தான். ஜெசிந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு அழகாக் கேட்டீங்கண்ணா, அவரு வாயிலருந்து அதை வரவழைக்கணும்னுதானே கேட்டீங்க" என்றாள். என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். கிண்ணத்தை அவனே வாங்கிக்கொண்டான். என்னுடையதை எடுத்தான், எடுத்ததைக் கேட்டதும் எல்லாருக்கும் பங்கு போட்டுவிட்டான், பங்கு போட்டதில் எனக்குக் கிடைத்தது சம்பத்துக்குக் கிடைத்த அளவுதான்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. புறப்படுமுன் ஒவ்வொருவராகப் போய்க் கைகொடுக்கிறார்கள், அவன் ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டு வருகிறான், ஏதாவது தப்பா நடந்திருந்தா மனசுல வச்சுக்கிடாதீங்க, மன்னிச்சுக்கிடுங்க. அவர்களும் ஐயோ அண்ணாச்சி, என்ன பேச்சு இது என்கிறார்கள். நானும் வரிசையில் நின்றேன். நிற்காமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், கால் நின்றது. என் முறை வந்தது. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தான். உள்ளங்கை சொரசொரவென்று இருந்தது, என் கையைப் போலவே. "ஏதாவது தப்பா நடந்திருந்தா மனசுல வச்சுக்கிடாதீரும் ஓய், மன்னிச்சுக்கிடும்" என்றான். சம்பத்துக்குச் சொன்ன அதே சொல், ஜெசிந்தாவுக்குச் சொன்ன அதே சொல். எல்லாருக்கும் சேர்த்துக் கொதித்த குழம்பில் எனக்கும் ஒரு கரண்டி. நான் கையை விடவில்லை. "என்ன தப்புங்க?" என்றேன். "எது இருந்தாலும்." "எதுன்னு சொல்லுங்க." அவன் கையை இழுத்தான், நான் பிடித்திருந்தேன், கறி வெட்டின கை, பிடித்தால் பிடித்ததுதான். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, வாய் மட்டும் என் காதுப் பக்கம் வந்தது. "வண்டிக்கு நேரமாகுதுவே" என்றான் மெதுவாக. எனக்குப் பின்னால் நின்றவர், அண்ணா கொஞ்சம் நகருங்க, எல்லாரும் பார்க்கணுமில்ல என்றார். அவன் என் தோளுக்கு மேலே அவரைப் பார்த்து, ஏதாவது தப்பா நடந்திருந்தா என்று ஆரம்பித்துவிட்டான். என் கை தானாக விட்டது. ஆட்டோவில் அவன் மடியில் பட்டுத்துணி மூட்டை, ஜெசிந்தா எல்லாரையும் கையாட்டச் சொல்கிறாள், என்னைத் தவிர எல்லாரும் ஆட்டுகிறார்கள். பூனா எங்கே இருக்கிறது என்று சம்பத்தைக் கேட்டேன். பம்பாய்க்குப் பக்கமுங்ணா, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும் என்றான். எதுக்குங்ணா என்றான். சும்மாதான் என்றேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும். அவ்வளவுதானா.